இதழியல் படிக்க எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். நிருபராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதழியல் பட்டப்படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று தலைநகரில் இருக்கிறது, பெயர் பெற்றது. மூன்று ஆண்டுக் கட்டணத்துக்கும் கடன்தான் வாங்க வேண்டும். மற்றொன்று வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். கட்டணம் அதில் நான்கில் ஒரு பங்குதான், ஆனால் ஸ்டுடியோ பழையது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடத் தயார்; அம்மாவுக்குத் தயக்கம். பாட்டி எனக்கென்று சேர்த்து வைத்த தொகை ஒன்று இருக்கிறது. அதில் கேமரா வாங்கிவிடலாமா? - ஒரு வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேமரா வேண்டாம். பாட்டியின் பணத்துக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று வைத்திருக்கிறேன்.

முதலில் கடன். அசல் 100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 10 சதவீதம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு கட்டணமாகப் போகிறது. படிக்கும் காலத்தில் தவணை கிடையாது என்று சொல்வார்கள். தவணைதான் கிடையாது, வட்டி தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த 100, ஏறக்குறைய 121 ஆகியிருக்கும். அதை ஏழு ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டினால் மொத்தம் 169 கட்டியிருப்பீர்கள். படிக்கும்போதே அந்தந்த ஆண்டின் வட்டியை மட்டும் கட்டி வந்தால் மொத்தம் 159-இல் முடியும். அரசு வட்டிச் சலுகை தருகிற இடங்களிலும், சம்பளத்துக்கேற்பத் தவணை பிடிக்கிற நாடுகளிலும் இந்தக் கணக்கு மாறும். ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், வட்டி எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று ஒரே ஒரு கேள்வியையாவது கேளுங்கள்.

மேலே சொன்ன கணக்கில் மாதத் தவணை 2 வருகிறது. கைக்கு வரும் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது என் வரம்பு. மற்ற துறையினருக்கு இதைவிடத் தாராளமாகச் சொல்வேன். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன். அப்படியானால் சம்பளம் மாதம் 16 இருந்தாக வேண்டும். மொத்தக் கடன், முதல் வேலையின் ஆறு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று இதைச் சுருக்கி மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் வேலையின் சம்பளம் என்னவென்று விளம்பரக் கையேட்டில் தேடாதீர்கள். அதில் இருப்பது அந்த ஆண்டின் ஆக அதிகச் சம்பளம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த நான்கு பேரைப் பிடித்து, பிடித்தம் போக எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் செய்தி அறையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் விளம்பர நிறுவனத்துக்கோ மக்கள் தொடர்புக்கோ போய்விட்டார்கள் என்பதும் தெரியவரும்.

ஏன் இவ்வளவு கறார்? அமெரிக்காவில் 2008-இல் நாளிதழ்களின் செய்தி அறைகளில் சுமார் 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020-இல் மிஞ்சியது 31,000 பேர். வீடு வாடகைக்கு, ஆள் தேவை என்று ஓரிரு வரிகளில் வரும் சிறு விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. அவை கொண்டுவந்த பணம் திரும்பி வரவில்லை. இணையச் செய்தித் தளங்களில் புதிய வேலைகள் உருவாயின, ஆனால் இந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு அல்ல. ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. வேலை மாறவும், சில மாதங்கள் வேலையில்லாமல் இருக்கவும் தாங்குகிற நிலையில் உள்ளே போகச் சொல்கிறேன். தவணை கழுத்தை நெரித்தால், பிடிக்காத பத்திரிகை ஆசிரியரிடமும் பிடிக்காத செய்தியிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

கல்லூரிப் பெயருக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. காலியிடம் விளம்பரமாக வருவதற்கு முன்பே பழைய மாணவர்கள் காதோடு சொல்லிவிடுகிற தொழில் இது. பெயர் பெற்ற பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தை உதவித்தொகையாகத் தந்தால் என் பதில் மாறக்கூடும். ஆனால் மருத்துவம், சட்டம் போல இதழியலுக்குப் பெரும்பாலான நாடுகளில் பட்டம் கட்டாயமில்லை. வேலை தரும் பத்திரிகை ஆசிரியர் கேட்பது நீங்கள் எழுதி வெளியானவற்றைத்தான். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் 1908-இல் இதழியல் பள்ளி தொடங்கிய முதல் நாளே மாணவர்கள் நாளிதழை வெளியிட்டுவிட்டார்கள். ஸ்டுடியோ புதிதா பழையதா என்று பார்ப்பதை விட்டு, உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவர் இதழ் இருக்கிறதா, அது சொன்ன தேதியில் வெளிவருகிறதா, தவறு வந்தால் திருத்தம் போடுகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். செலவு மிகக் குறைவு.

இனி பாட்டியின் பணம். இத்துறையில் ஆளை வடிகட்டுவது பயிற்சிக் காலம். பெரிய செய்தி நிறுவனங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. பயிற்சி மாணவருக்கு ஊக்கத்தொகை சொற்பம், பல இடங்களில் அதுவும் இல்லை. வாடகை கட்ட முடிந்தவர் போகிறார், முடியாதவர் வீட்டில் இருந்துவிடுகிறார். திறமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; எனக்கு இது எப்போதும் எரிச்சல் தருகிற விஷயம். தலைநகரில் மூன்று ஆண்டு வாடகை கட்ட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து படியுங்கள், நீண்ட விடுமுறைகளில் பயிற்சிக்காக மட்டும் அங்கே போங்கள். பாட்டியின் பணம் அந்த வாடகைக்கு. மீதி, படிப்பு முடிந்து முதல் சம்பளம் வரும்வரை தாங்குவதற்கு. பங்குச் சந்தையில் போடாதீர்கள். விடுமுறைகளின் கணக்கில் முதிர்கிற மாதிரி, இரண்டு மூன்று வைப்புகளாகப் பிரித்து வங்கியில் வையுங்கள்.

கேமராவை நான்கு ஆண்டு கழித்து விற்கப் போனால் என்ன கிடைக்கும் என்று விசாரித்துப் பாருங்கள், ஆசை தானாக அடங்கும். கைப்பேசியும் ஒரு காலர் மைக்கும் முதல் ஆண்டுக்குப் போதும். படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். மற்ற கருவிகளைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையிலேயே இரவல் தருவார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும்.

விருப்பப் பாடமாகக் கணக்கியலோ புள்ளியியலோ இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் இருக்காது. வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் பணத்தை மறைத்தவர்களைக் காட்டிக்கொடுத்து 2016-இல் வெளியான பனாமா ஆவணங்கள் ஒரு கோடியே 15 லட்சம். அவற்றைத் துருவ 370-க்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் தேவைப்பட்டார்கள். நிறுவனங்களின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த நிருபரைச் செய்தி அறை அத்தனை எளிதில் வெளியே அனுப்பாது.

படிக்கும்போதே கட்டுரைகள் எழுதிச் சம்பாதிக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த வருமானத்தை நம்பி எந்தத் தவணைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் சுதந்திரப் பத்திரிகையாளர் ஒருவர் நீளமான நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று தேதிகள்: அனுப்பியது, வெளியானது, பணம் வந்தது. முதல் இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வாரம்தான். மூன்றாவது கட்டம் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. நிரம்பிய இடங்களிலும் மூன்று மாதம், ஐந்து மாதம். பணம் தருவது கட்டுரையை ஏற்றுக்கொள்ளும்போதா, அது வெளியாகும்போதா, பயணச் செலவு தனியா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். தொழிலே கேள்வி கேட்பதுதானே.

அம்மாவின் தயக்கம் நியாயமானது. ஜாமீன் கையெழுத்து வெறும் சம்பிரதாயம் இல்லை. நீங்கள் தவறினால் வங்கி அப்பாவிடம்தான் வரும். அவருக்கு ஓய்வு பெற எத்தனை ஆண்டு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கடன் முடிவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார் என்றால், நால்வரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பாட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதுவரை தலைநகரப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம். கட்டியே தீர வேண்டிய கெடு வந்துவிட்டால், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.