காந்தவிசை வேலை செய்யாதென்றால் தாரை எப்படிக் கிளம்புகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து ஒல்லியாகப் பீறிட்டுக் கிளம்பும் வாயுத் தாரையைப் பற்றிய கட்டுரையில், கருந்துளையைச் சுற்றும் வாயுவைக் காந்தப்புலம் முடுக்கி எறிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். காந்தவிசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து, ஆகவே அது வேலை செய்யாது, அதாவது ஆற்றல் தராது என்றுதான் பாடம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ரா.

அன்புள்ள ரா.,

பாடம் சரிதான், மாற்ற வேண்டியதில்லை. மின்மோட்டார் பாடத்திலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் கேட்பதில்லை, நாமும் தப்பித்துவிடுகிறோம். அங்கே ஆற்றல் மின்கலத்திலிருந்து வருகிறது. தாரையில் அது சுழற்சியிலிருந்து வருகிறது. கருந்துளையைச் சுற்றும் வாயு பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த வாயு. அது மிக நல்ல மின்கடத்தி என்பதால் காந்த விசைக்கோடுகள் வாயுவோடு ஒட்டிக்கொண்டே நகர்கின்றன. வாயு வட்டாகப் பரந்து சுழல்கிறது; வட்டு சுழலும்போது கோடுகளும் சுழல்கின்றன; அப்படி நகரும் புலத்தோடு ஒரு மின்புலமும் சேர்ந்தே வருகிறது. வேலை செய்வது அதுதான்.

1982இல் பிளாண்ட்ஃபோர்ட், பெய்ன் என்ற வானியற்பியலாளர்கள் இதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். விசைக்கோட்டைச் சாய்வான கம்பியாகவும் வாயுவை அதில் கோத்த மணியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வட்டின் தளத்தோடு 60 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்திருந்தால், சுழலும்போது ஈர்ப்பால் மணியைப் பிடித்து வைக்க முடியாது. அது கம்பியோடு வெளியே வழுக்கி ஓடும், ஓட ஓட வேகம் கூடும்.

இது எல்லையில்லாமல் நீளாது. ஆல்ஃவேன் பரப்பு என்ற இடம்வரைதான் புலத்தால் வாயுவைத் தன்னோடு சேர்த்துச் சுழற்ற முடியும். அந்தப் பரப்பு, கோடு கிளம்பிய ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். வெளியேறும் ஒவ்வொரு கிலோவும் வட்டில் இருந்தபோது அதற்கிருந்ததைப் போல ஒன்பது மடங்கு கோண உந்தத்தைக் கொண்டுபோகும். கொஞ்சம் வாயு வெளியேறினாலே, சுழற்சியை இழந்த நிறைய வாயு கருந்துளைக்குள் விழலாம் என்பது இதனால்தான். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். நம் சூரியனும் சூரியக் காற்று வழியாக இப்படித்தான் தன் சுழற்சியைச் சிறிது சிறிதாக இழக்கிறது. அதன் ஆல்ஃவேன் பரப்பை சூரியனை ஆராயும் பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரலில் முதன்முறையாகக் கடந்து உள்ளே போனது.

எம்87இல் கருந்துளையின் சுழற்சியே ஆற்றல் தரலாம். அதே பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக் என்பவரும் 1977இல் சொன்ன வழி அது. அந்தக் கருந்துளையின் ஓரத்தில் புலத்தின் வலிமை 1 முதல் 30 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்று ஆய்வாளர்கள் 2021இல் மதிப்பிட்டார்கள். பூமியின் புலம் அரை காஸ் அளவு. பிரமாண்டமான எண்ணை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான், ஆனால் புலம் பரவியிருக்கும் இடம் நம் சூரியக் குடும்பத்தின் அளவு!

அப்புறம், தாரை ஏன் ஒல்லியாக இருக்கிறது? ஆல்ஃவேன் பரப்பைத் தாண்டியதும் வாயு பின்தங்க, கோடுகள் முறுக்கிக்கொண்டு சுருளாகின்றன. சுருளின் இழுவிசை வாயுவை அச்சை நோக்கி நெருக்குகிறது. பல கட்டுரைகள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. சுற்றியுள்ள வாயுவின் அழுத்தமும் வேண்டும். எம்87 தாரை கருந்துளையின் ஆரத்தைப் போலச் சில லட்சம் மடங்கு தூரம்வரை பரவளைய வடிவில் குவிந்தே போகிறது, அதற்கப்பால் கூம்பாக விரிகிறது. கருந்துளையின் ஈர்ப்பு சுற்றுப்புற வாயுவை ஆளும் எல்லையும் ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது.