மாணவர்களிடம் பாடம் பற்றி ஃபீட்பேக் வாங்க எப்படிப்பட்ட கேள்விகள் கேட்க வேண்டும்?

துறைப் படிவத்தில் ஒவ்வொரு செமஸ்டரும் ஐந்துக்கு 4.2, 4.3 என்றே வருகிறது, அதை வைத்து வகுப்பில் எதையும் மாற்ற முடியவில்லை, சொந்தமாகக் கேள்வி போட்டால் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். துறைப் படிவம், கல்லூரிக்கும் படிப்புகளுக்கும் தரச் சான்று தருகிற நாக், என்பிஏ அமைப்புகளுக்கான கோப்புகளுக்குப் போகிற காகிதம். அது அதன் வழியில் ஓடட்டும். உங்களுக்கென்று தனியாக ஒன்று, ஐந்தாறு கேள்விகளுக்கு மேல் போகாமல், செமஸ்டர் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் கண்ணால் கண்டதை, தான் செய்ததை மட்டும் கேளுங்கள். பெரும்பாலான படிவங்கள் சறுக்குவது இங்கேதான். 'ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழ்ந்த அறிவு உள்ளதா?' என்ற கேள்வி இல்லாத படிவமே அபூர்வம். இரண்டாம் ஆண்டு மாணவர் அதை எதை வைத்து எடைபோடுவார்? உங்கள் குரலுக்கும் ஆங்கிலத்துக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார். நாக் அமைப்பின் மாணவர் திருப்தி ஆய்வில் உள்ள 21 கேள்விகளில் முதலாவது, பாடத்திட்டம் எவ்வளவு நடத்தி முடிக்கப்பட்டது என்பது. 85 முதல் 100 சதவீதம், 70 முதல் 84 என்று விடைகள் போகும். சிலபஸைக் கையில் வைத்து யூனிட் யூனிட்டாக எண்ணிப் பார்க்கிற மாணவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கு உங்கள் பாடக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. 'வகுப்புக் கட்டுப்பாடு', 'ஆசிரியரின் ஆளுமை' வகையறாவை யோசிக்காமல் அடித்துவிடலாம்.

பொதுவாகக் கேட்டால் பதிலில் பாடத்தோடு சம்பந்தமில்லாத சங்கதிகளும் கலந்துவிடும். 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சின்னதுதான், ஆனால் யோசிக்க வைக்கும். இணையவழிப் பாடம் ஒன்றில் ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு உதவி ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குச் சொந்தப் பெயரிலும் இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் எடுத்தார்கள். திருத்திய தாள்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் போயின. அப்படியும் 'உடனுக்குடன் செய்கிறாரா' என்ற கேள்வியில் பெண் பெயர் கொண்டவருக்கு மதிப்பெண் குறைந்தது. ஜெர்மனியில் 2018இல் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஆய்வில், சாக்லேட் பிஸ்கட் கிடைத்த குழுக்கள் ஆசிரியருக்கு மட்டுமல்ல, பாடக் குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் போட்டன. சமோசா வாங்கிக் கொடுத்த நாளில் படிவத்தை நீட்டாதீர்கள்.

ஆகவே 'இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக இருந்ததா?' என்று கேட்காமல், அதையே இரண்டாக உடையுங்கள்:

முதல் இன்டர்னல் விடைத்தாள் எத்தனை நாளில் கைக்கு வந்தது? (ஒரு வாரத்துக்குள் / இரண்டு வாரத்துக்குள் / அதற்கு மேல் / இன்னும் வரவில்லை)

தாளைப் பார்த்ததும் மதிப்பெண் எங்கே, ஏன் குறைந்தது என்று புரிந்ததா? (எல்லாக் கேள்வியிலும் / சிலவற்றில் மட்டும் / புரியவில்லை / தாளைப் பார்க்கவில்லை)

இரண்டாவதில் பாதிப் பேர் 'புரியவில்லை' என்றால் என்ன செய்வதென்று உங்களுக்கே தெரியும்: விடைக்குறிப்பைப் போட வேண்டும், அல்லது ஓரத்தில் இரண்டு சொல் எழுத வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் இப்படிச் சோதியுங்கள். மோசமான பதில் வந்தால் அடுத்த வாரம் எதை மாற்றுவேன்? அதற்கு விடை இல்லையென்றால் கேள்வியை எடுத்துவிடுங்கள். புரொஜெக்டர் மங்கல், அறையில் காற்றில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். அது முதல்வருக்குப் போக வேண்டிய மனு, இந்தப் படிவத்தில் வேண்டாம்.

வாக்கியத்தில் அடிக்கடி வருகிற பிழை, ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டுவது. 'பாடம் தெளிவாகவும் ஆர்வமூட்டும் வகையிலும் நடத்தப்படுகிறதா?' தெளிவு உண்டு, தூக்கமும் வருகிறது என்பவர் எதை டிக் செய்வார்? 'உம்' இரண்டு முறை வந்தாலே சந்தேகப்படுங்கள். அடுத்தது எதிர்மறை. 'ஆசிரியர் சந்தேகங்களைத் தீர்ப்பதில்லை' என்று எழுதி 'உடன்படவில்லை' என்று விடை வைத்தால், தீர்க்கிறார் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று அவருக்கே குழம்பும். விடைகளின் தராசையும் பாருங்கள். 'மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார்' என்று வைத்தால் நான்கில் மூன்று பாராட்டு. 4.2 அங்கிருந்தே பாதி வந்துவிடுகிறது. உடன்படுகிறேன், உடன்படவில்லை என்பதைவிட எண்ணிக்கை மேல்: எல்லா வகுப்பிலும், பெரும்பாலான வகுப்பில், பாதி வகுப்பில், ஒன்றிரண்டில், ஒன்றிலும் இல்லை. ஓரத்தில் 'பொருந்தாது' என்று ஒன்று கட்டாயம் வேண்டும். சந்தேகமே கேட்காத மாணவர் சந்தேகம் தீர்ந்ததா என்பதற்கு எதையாவது போட்டுவிடுவார்.

பாட வேகத்தைப் பற்றிய கேள்வி தனி ரகம். இதில் நல்ல விடை ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது: மிக மெதுவு, கொஞ்சம் மெதுவு, சரி, கொஞ்சம் வேகம், மிக வேகம். 48 பேரில் 24 பேர் 'கொஞ்சம் மெதுவு', 24 பேர் 'கொஞ்சம் வேகம்' என்று போட்டால் சராசரி 'சரி'யில் வந்து நிற்கும். சரி என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை! டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களும் பிளஸ் டூ வழியாக வந்தவர்களும் ஒரே பெஞ்சில் இருக்கும் வகுப்பில் கணிதப் பாடங்களுக்கு இப்படித்தான் பிளவுபடும். சராசரியைத் தொடாதீர்கள். எந்த விடைக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பட்டை வரையுங்கள், போதும். 4.12க்கும் 4.05க்கும் வித்தியாசம் தேடுவது வீண் வேலை. பிளவு டிப்ளமோ வழியில் வந்ததா என்று அறிய ஒரு கேள்வி சேர்க்கத் தோன்றும். வகுப்பில் டிப்ளமோக்காரர் நான்கே பேர் என்றால் சேர்க்காதீர்கள், யார் எழுதியது என்று வெளிச்சமாகிவிடும்.

பாடப் பயன், அதாவது சிஓ, அடைந்தீர்களா என்று கேட்கும் செமஸ்டர் இறுதிப் படிவமும் இருக்கிறது. சிலபஸில் உள்ள வாக்கியத்தை அப்படியே ஒட்டி 'சிஓ 3 அடைந்தேன்' என்று கேட்டால் எல்லோரும் அடைந்திருப்பார்கள். அதற்குப் பதில் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கணினிப் பாடம் என்றால்: 'ஏவிஎல் மரம் ஒன்றில் புதிய எண் சேர்ந்ததும் எந்தச் சுழற்சி தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். பார்க்காமல் செய்வேன் / நோட்டைப் பார்த்துச் செய்வேன் / தொடங்கத் தெரியும், முடிக்க வராது / தெரியாது.' மூன்றாவது விடையில் கூட்டம் சேர்ந்தால் டுடோரியல் வகுப்புக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

எழுதிப் பதில் சொல்லும் கேள்வி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 'வேறு ஏதேனும் கருத்து?' என்றால் 'குட் சார்', 'நில்', ஒற்றைப் புள்ளி, இவைதான் வரும். குறுக்கிக் கேளுங்கள்: 'இதுவரை நடத்தியதில் மறுபடி நடத்த வேண்டிய தலைப்பு ஒன்று எது? எந்த இடத்தில் குழம்பியது?' தமிழிலோ ஆங்கிலத்திலோ தங்கிலீஷிலோ எழுதலாம் என்று மேலேயே போட்டுவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் 'நில்' போடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

நேரம்: ஐந்தாவது அல்லது ஆறாவது வாரம். இன்டர்னல் தாள் கொடுத்த அன்று வேண்டாம், கோபம்தான் பதிவாகும். வகுப்பு தொடங்கிய முதல் எட்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் கொடுத்தால் ஒரே நேர்கோட்டில் டிக் விழும். ஃபீட்பேக் போட்டால்தான் ஹால் டிக்கெட் என்று மிரட்டினாலும் அதே நேர்கோடுதான். ஒரு மாணவருக்கு ஆறு பாடம், பாடத்துக்கு இருபது கேள்வி என்றால் 120 கிளிக். யார் படித்துப் பார்ப்பார்?

பெயர் தெரியாது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் முகவரி சேகரிப்பை அணைத்துவிட்டு, அணைத்திருப்பதைத் திரையில் காட்டுங்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கில் லாகின் கேட்கும், மாணவர் அங்கேயே பின்வாங்கிவிடுவார். ஒருவரே இரண்டு தடவை போடுவாரே என்றால், போடலாம்தான். இந்தப் படிவத்தில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. காகிதம் என்றால் டிக் மட்டும் போதும், கையெழுத்து வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற பயம் நியாயமானது.

வகுப்புக்குப் போகுமுன் வேறு பிரிவு மாணவர் மூன்று பேரைக் கூப்பிட்டு, கேள்வியை வாய்விட்டுப் படித்து என்ன புரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலை. 'டீச்சிங் எய்ட்ஸ்' என்றால் ஸ்லைடா, கரும்பலகையா, யூடியூப் வீடியோவா என்று மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

பதில்கள் வந்த அடுத்த வாரத்துக்குள் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பட்டை வரைபடத்தைக் காட்டி, மாற்றப்போவது இது, மாற்ற முடியாதது இது, காரணம் இது என்று சொல்லிவிடுங்கள். இதை விட்டால் செமஸ்டர் கடைசியில் நீங்கள் அனுப்பும் அடுத்த லிங்க்கை யாரும் திறக்க மாட்டார்கள்.