கேள்வி – பதில்: இடுப்பில் துப்பாக்கி, அதற்கேற்ற உறை

(அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்)

டெக்சஸில் வசிக்கும் அமெரிக்கக் குடிமகன் நான். தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, சட்டைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல விருப்பம். "முதல் துப்பாக்கிக்குச் சின்ன ரிவால்வர்தான் எளிது" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், பிளேனோ

வேண்டாம். ஐந்து தோட்டா போடும் .38 ரிவால்வர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்றது, அரைக் கிலோகூட இருக்காது. அதன் ட்ரிகரை இழுக்கவோ ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். இழுக்கும்போதே குறி விலகும். எடை குறைவு என்பதால் வெடித்ததும் கையை ஓங்கி உதைக்கும். பழகியவர்களுக்கு நல்ல ஆயுதம், புதியவர்களுக்கு அல்ல.

9 மி.மீ. பிஸ்டலில் தொடங்குங்கள். கிளாக் 19 (15 தோட்டா, சுமார் 600 கிராம்), கிளாக் 43எக்ஸ் (10 தோட்டா), சிக் பி365 (10 தோட்டா, சுமார் 500 கிராம்) மூன்றையும் வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 50 தோட்டா, 7 கஜ தூரம். கடைசிப் பத்துத் தோட்டாவும் முதல் பத்தைப் போலவே ஓரிடத்தில் விழுந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி.

குழல் நீளமாக இருந்தால் மறைக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும். சட்டையைத் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது பிடிதான். ஆகவே குழலில் அரை அங்குலம் கூடினாலும் பரவாயில்லை, பிடியின் நீளத்தைப் பாருங்கள்.

துப்பாக்கிக்கே 600 டாலர் ஆகிவிட்டது. எல்லா மாடலுக்கும் பொருந்தும் நைலான் உறை 15 டாலருக்குக் கிடைக்கிறது. அது போதாதா?
– வாசகர், ஹூஸ்டன்

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதானால் இதைப் படியுங்கள். கிளாக் வகைப் பிஸ்டல்களில் தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது. ட்ரிகர் முழுதாக அழுந்தினால் வெடிக்கும், அழுத்தியது விரலா துணியா என்று அதற்குத் தெரியாது. இடுப்பில் இருக்கும்வரை உங்கள் தொடையைக் காப்பது உறை மட்டுமே.

உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கெட்டியான ஒருவகை பிளாஸ்டிக்) உறை வாங்குங்கள். துப்பாக்கியில் விளக்கு மாட்டியிருந்தால் அந்த விளக்குக்கும் சேர்த்து வார்த்ததாக இருக்க வேண்டும். வாங்கியதும் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துச் சோதியுங்கள். ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம் முழுக்க மூடியிருக்க வேண்டும். வெளியிலிருந்து அழுத்தினால் ட்ரிகர் அசையக் கூடாது. மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். நைலான் இங்கேதான் தோற்கிறது. வாய் சுருங்கிவிடுவதால் இன்னொரு கையால் அதை விரிக்க நேரும், அந்தக் கை குழலுக்கு முன்னால் போகும். நாட்பட்ட தோல் உறையும் நெகிழ்ந்து, அதன் மடிப்பு ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்துவிடும்.

பெல்ட்டையும் மறக்காதீர்கள். ஒன்றரை அங்குல அகலம், வளையாத விறைப்பு வேண்டும். தொய்ந்த பெல்ட்டில் பிடி வெளிப்பக்கம் சாயும். உறையின் கிளிப் பெல்ட்டைச் சரியாகக் கவ்வாவிட்டால் உருவும்போது உறையும் கூடவே வந்துவிடும்.

எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதில்தான் ஆபத்து அதிகம். விரலை ட்ரிகரிலிருந்து விலக்கி நீட்டி வையுங்கள். சட்டை ஓரத்தை நன்றாகத் தூக்குங்கள். ஜாக்கெட்டின் இழுகயிறு தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு உறையைப் பார்த்தபடியே மெல்ல இறக்குங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தவே அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துப் பாருங்கள். அவசரமாகத் திரும்ப வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது.

கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? புடவை, சுடிதாரில் பெல்ட் போட முடியாதே.
– வாசகி, அட்லாண்டா

வீட்டில் குழந்தைகள் இருந்தால் என் பதில் வேண்டாம் என்பதே. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலக் கடை ஒன்றில், துப்பாக்கிக்கென்றே ஜிப் அறை வைத்துத் தைத்த கைப்பையைத் திறந்து, இரண்டு வயதுக் குழந்தை தன் தாயையே சுட்டுவிட்டது. அவர் இறந்துபோனார். பையை நாம் கீழே வைப்போம், வண்டியில் விடுவோம், பறிகொடுப்போம். சுடிதாருக்குள் வயிற்றில் கட்டும் பட்டை உண்டு. ஆனால் ட்ரிகர் பகுதியை மூடும் கெட்டியான கைடெக்ஸ் கூடு உள்ள பட்டையாகப் பாருங்கள். வெறும் எலாஸ்டிக் பட்டையை நம்பாதீர்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். டெக்சஸில் லைசென்ஸே தேவையில்லை என்கிறார்களே?
– வாசகர், ஆஸ்டின்

2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயதானவர் அங்கே லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச்செல்லலாம் என்பது உண்மை. உங்களுக்குத்தான் தடை இருக்கிறது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதற்கும் இது பொருந்தும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆயுத வழக்கில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படலாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

தடை இல்லாதவர்களும் லைசென்ஸ் எடுப்பதே நல்லது. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதற்கு ஃபெடரல் தடை இருக்கிறது, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு. ஆனால் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற பல மாநிலங்களில் டெக்சஸ் லைசென்ஸ் செல்லாது.

தினமும் இரவில் தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதையே போடுகிறேன். தவறா?
– வாசகர், சார்லட்

தவறுதான். ஒரே தோட்டா திரும்பத் திரும்ப குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் மோதி நுழையும்போது அதன் ஈய முனை பித்தளைக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும். பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. இரவில் தோட்டாவைத் தொடாமல், துப்பாக்கியை உறையோடு சேர்த்துக் கழற்றிப் பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.