ஜான் குவின்சி ஆடம்ஸ்: உறுப்பினர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸின் மகன் என்பதால்தான் இவருக்கும் அந்தப் பதவி கிடைத்ததா?

பதில்: தொடக்கத்தில் தந்தையின் செல்வாக்கு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன்பின் அவரை உயர்த்தியது உழைப்பும் மொழியறிவும்தான். பிரெஞ்சு நன்கு தெரிந்தவர் என்பதால், 14 வயதிலேயே அமெரிக்கத் தூதர் பிரான்சிஸ் டேனாவின் செயலாளராக ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1794இல் அவரை நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பியவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். பிரிட்டனுடனான போரை முடித்துவைத்த 1814ஆம் ஆண்டு கென்ட் உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையில் அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். குடியரசுத் தலைவர் மன்றோவின் ஆட்சியில் வெளியுறவுச் செயலாளராக இருந்தபோது, ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெறும் 1819ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் செய்துமுடித்தார்.

கேள்வி: 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன்தானே முன்னிலையில் இருந்தார்? ஹென்றி கிளேயுடன் பேரம் பேசித்தான் ஆடம்ஸ் வென்றார் என்பது உண்மையா?

பதில்: குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, கிளே 37 பெற்றனர். வெற்றிக்குத் தேவையான 131 யாருக்கும் கிடைக்காததால், முதல் மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பிரதிநிதிகள் அவைக்குச் சென்றது. அந்த அவையின் தலைவராக இருந்தவரே கிளே. ஜாக்சனை ஆதரிக்குமாறு கிளேயின் மாநிலமான கென்டக்கியின் சட்டமன்றம் கேட்டுக்கொண்டும், அம்மாநில உறுப்பினர்கள் கிளேயின் பக்கம் நின்று ஆடம்ஸுக்கே வாக்களித்தனர். மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற முறையில், 13 மாநிலங்களின் ஆதரவுடன் ஆடம்ஸ் வென்றார். அடுத்து அவர் கிளேயையே வெளியுறவுச் செயலாளராக்கினார். பேரத்துக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. இருவரின் கொள்கைகளும் பெரும்பாலும் ஒத்திருந்ததால், பேரம் இல்லாமலேயே கிளே அவரை ஆதரித்திருப்பார் என்றே நான் கருதுகிறேன். எனினும் அந்த நியமனம் பெரும் அரசியல் பிழை. 1828 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றதற்கு அந்தக் களங்கமும் ஒரு காரணம்.

கேள்வி: அவருடைய ஆட்சியின் சாதனை என்ன?

பதில்: மிகக் குறைவு. சாலைகள், கால்வாய்கள், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வகம் ஆகியவற்றை அரசே அமைக்க வேண்டும் என்று முதல் ஆண்டறிக்கையிலேயே கேட்டார்; அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பெரும்பாலானவற்றைப் புறக்கணித்தது.

கேள்வி: குடியரசுத் தலைவராக இருந்தவர் மீண்டும் சாதாரண உறுப்பினராக அவைக்குச் சென்றது ஏன்? ‘வாய்ப்பூட்டு விதி’ என்பது என்ன?

பதில்: மக்களுக்குத் தொண்டாற்றும் எந்தப் பதவியும் முன்னாள் தலைவருக்கு இழுக்கல்ல என்று நம்பியவர் அவர். 1830இல் மாசசூசெட்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, இறக்கும்வரை சுமார் 17 ஆண்டுகள் பிரதிநிதிகள் அவையில் இருந்தார். அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

அடிமை முறைக்கு எதிராக வரும் மனுக்களை விவாதிக்காமலேயே ஒதுக்கிவைக்க வேண்டும் என்று 1836இல் அவை தீர்மானித்தது. அதுவே வாய்ப்பூட்டு விதி. மனு அளிப்பது குடிமக்களுக்கு அரசமைப்பு தந்த உரிமை என்பதே ஆடம்ஸின் வாதம். 1837 பிப்ரவரியில், அடிமைகள் 22 பேர் அனுப்பியதாகத் தோன்றும் மனு ஒன்று தம்மிடம் உள்ளது என்றும், அது அந்த விதிக்குள் அடங்குமா என்றும் அவைத்தலைவரிடம் வினவினார். தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, அவரைக் கண்டிக்கத் தீர்மானம் கொண்டுவந்தனர். அமளி மூண்ட பிறகே, அம்மனு அடிமை ஒழிப்பைக் கோரவில்லை, அதற்கு நேர்மாறானதையே கோருகிறது என்பதை அவர் வெளிப்படுத்தினார். கண்டனத் தீர்மானம் தோற்றது. ஆண்டுதோறும் தொடர்ந்த இந்தப் போராட்டத்தின் முடிவில், 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்ற வாக்குகளில் அந்த விதி நீக்கப்பட்டது.

கேள்வி: ‘அமிஸ்டாட்’ வழக்கில் அவருடைய பங்கு என்ன?

பதில்: கடத்தி விற்கப்பட்ட ஆப்பிரிக்காவின் மெண்டே இனத்தவர், தங்களை ஏற்றிச்சென்ற அமிஸ்டாட் கப்பலை 1839இல் கைப்பற்றினர், பின்னர் அமெரிக்காவில் சிறைப்பட்டனர். அவர்களுக்காக 1841இல் 73 வயதான ஆடம்ஸ் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நாட்கள் வாதாடினார். அவர்கள் சுதந்திர மனிதர்களே என்று தீர்ப்பு வந்தது. உயிரோடிருந்த 35 பேர் சியரா லியோனுக்குத் திரும்பினர்.

கேள்வி: அப்படியானால் அவரை அடிமை ஒழிப்பு இயக்கத்தவர் என்று சொல்லலாமா?

பதில்: அப்படிச் சொன்னால் வரலாறு பிசகிவிடும். அடிமை முறையை அறவழியில் வெறுத்தபோதிலும், தலைநகரில் அதை உடனே ஒழிக்கக் கோரிய மனுக்களை அவையில் அளித்துக்கொண்டே, அக்கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை என்று 1831இல் அவரே அறிவித்தார். 1839இல் அவர் முன்மொழிந்த அரசமைப்புத் திருத்தமும், 1842 ஜூலை 4க்குப் பின் பிறக்கும் குழந்தைகள் அடிமைகளாகப் பிறக்க மாட்டார்கள் என்ற படிப்படியான வழியையே கொண்டிருந்தது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு அதனால் விடுதலை கிடைத்திருக்காது. அந்தத் திருத்தத்தைக்கூட அவை ஏற்கவில்லை.