கோணல் தையலைப் பிரிக்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளின் கைவேலை பற்றி நீங்கள் எழுதுவதை வாசித்து வருகிறேன். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும். நான் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். விடிய ஐந்தரைக்கு பஸ் ஏறினால் பொழுதுபட்ட பிறகுதான் வீடு. நாள் முழுக்கச் சேட்டின் கைப்பட்டி மட்டும்தான் தைக்கிறேன். கொஞ்ச நாளாக மகள் ஊசியும் நூலும் கேட்டு அடம்பிடிக்கிறாள். "சின்னப்பிள்ளைக்கு ஊசி குடுக்காதை" என்கிறா அம்மா. எனக்கு வேறொரு பயம். நான் இருக்கிற கதிரையில் நாளைக்கு இவளும் வந்து இருந்துவிடுவாளோ என்று. கொடுக்கலாமா? என்ன தைக்கச் சொல்வது? தம்பியும் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

ஒரு தாய்,
தருமபுரம்

அன்புள்ள தங்கச்சி,

கொடுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அவரவர் வயதுக்குத் தக்கதாகக் கொடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. எனக்கும் ஊசி மேல் ஒரு கசப்பு இருந்தது. 2009இன் தொடக்கத்தில், சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பதுங்கப் பங்கர் வெட்டினோம். அதற்கு மண்மூடை வேண்டும், சாக்கு இல்லை. வன்னிச் சனம் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பினோம். எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா வெட்டித் தரத் தர நான் தைத்தேன். கடைசியில் அவவின் கூறைச் சேலையும் வந்தது. சரிகைக் கரையில் ஊசி இறங்க மறுத்தது இன்னும் என் விரலில் இருக்கிறது. அதற்குப் பிறகு பல வருடம் நான் ஊசி தொடவில்லை.

ஒரு முன்பள்ளிக்கு வேலைக்குப் போன பிறகுதான் மறுபடி தொட்டேன். பாவைப்பிள்ளையின் கை கழன்றுவிட்டது என்று ஒரு சிறுமி கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். தைத்துக் கொடுத்தேன். "எனக்கும் காட்டித் தாங்கோ ரீச்சர்" என்றாள். அப்படித் தொடங்கியது.

லைனில் உங்கள் கைக்குக் கைப்பட்டி வரும், போகும். முழுச் சேட்டை நீங்கள் காண்பதே இல்லை. மகள் ஒரு சின்னப் பை தைத்தால் எந்தத் துணி என்று தீர்மானிப்பவள் அவள், முடிச்சுப் போடுபவள் அவள், உள்ளே புளியங்கொட்டையைப் போட்டு வாயைத் தைத்து மூடுபவளும் அவள்தான். தொடங்கியதைத் தானே முடித்துக் கையில் வைத்திருப்பாள். முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று சொல்ல ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன இருக்கிறது?

முதலில் தம்பி. மூன்றரை வயதுக்கு ஊசியே வேண்டாம். நாங்கள் எல்லா முன்பள்ளியையும் மொன்ரிசோரி என்கிறோமே, அந்த மரியா மொன்ரிசோரி 1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவருடைய முறையில் ஒரு மரச்சட்டம் உண்டு. இரண்டு பக்கமும் துணி, நடுவில் தெறி அல்லது கயிறு. போட்டுப் போட்டுக் கழற்றியே பிள்ளை தன் சட்டையைத் தானே போடப் பழகிவிடும். வீட்டில் அதற்குக் காசு செலவில்லை. அப்பாவின் பழைய சேட்டின் முன்பக்கத்தைத் தெறியோடு வெட்டி இரண்டு தடிகளில் ஆணி அடித்துக் கொடுங்கள். அது அலுத்தால் சவர்க்காரப் பெட்டி மட்டையில் மாம்பழம் ஒன்று கீறி, ஓரமெல்லாம் துளை போட்டு, சப்பாத்துக் கயிற்றைக் கொடுங்கள். ஜெர்மனியில் 1837இல் சிறுவர் பள்ளி தொடங்கிய பிரோபெலின் முறையிலும் மட்டையில் நூல் கோர்ப்பது ஒரு வேலை.

ஆம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், அறுவடைக்கு நெல்லு மூடையின் வாயைத் தைப்பது யார் என்று கேளுங்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை திருத்துவது யார் என்றும் கேளுங்கள்.

சரி, மகளுக்கு வருவோம். கம்பளி நூல் கோர்க்கிற ஊசி வாங்குங்கள். நுனி மொட்டையாகவும் காது பெரிதாகவும் இருக்கும். ஊசி இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும், ஆகவே பதினெட்டுப் போலக் குறைந்த இலக்கமாகக் கேளுங்கள். துணிக்குப் பதில் வெங்காயம் வருகிற சிவப்பு வலைப்பை போதும். ஐஸ்கிறீம் டப்பாவின் மூடியில் நடுவை வட்டமாக வெட்டி எடுத்து, டப்பாவின் வாய்க்கும் அந்த வளையத்துக்கும் இடையில் வலையை இறுக்கிவிட்டு, டப்பாவின் அடியையும் வெட்டிவிடுங்கள். நல்ல சட்டம் தயார். நூல் அவளுடைய விரல் நுனியிலிருந்து முழங்கை வரை இருமடங்கு இருந்தால் காணும். நீண்டால் சிக்கும், சிக்கினால் அழுவாள். நூலை ஊசிக் காதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுங்கள், கழராது.

மேலே வந்த ஊசியைப் பிள்ளை அப்படியே திரும்பக் குத்தாது. விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி கீழிருந்து குத்தும். முதல் நாளில் நான் கண்ட எல்லாப் பிள்ளையும் இதைத்தான் செய்தது. பிழை என்று சொல்லாதீர்கள். துணியின் ஓரம் பிரியாமல் நாங்கள் சுற்றித் தைப்பதும் அதேதான், அவள் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். நூலோட்டம் காட்ட நான் இரணைமடுக் குளத்து நீர்க்காகத்தைத் துணைக்குக் கூப்பிடுவேன். "முங்குது... எழும்புது... முங்குது... எழும்புது..." பிள்ளையும் வாயால் சொல்லிக்கொண்டே குத்தும். சொல்லுவதை நிறுத்திய நாளில் கை பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது வந்த பிறகு கூர் ஊசி. வெளிறிப்போன பள்ளிக்கூடச் சட்டைத் துணி மெத்தென்று இருக்கும், ஊசி இலேசாக இறங்கும். வழுக்குகிற துணி வேண்டாம். பென்சிலால் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து, சிவப்பு நூல் கொடுங்கள். சின்னச் சின்னப் பையாக ஐந்து தைத்தால் எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டலாம். தம்பி இன்னும் எதையும் வாயில் போடுகிறவன் என்றால் புளியங்கொட்டைக்குப் பதில் வெட்டுத் துண்டுகளை உள்ளே அடைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். மண் தரை, வெறுங்கால், ஊசி. அவவின் பயம் சரியான பயம். விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்கக்கூடாது என்பாவே, அதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மங்கல் வெளிச்சத்தில் விழுந்த ஊசி அகப்படாது. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற பொறுப்பை அவவிடமே கொடுத்துவிடுங்கள். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று வீட்டில் இருக்கட்டும், மண்ணுக்குள் போன ஊசியையும் இழுத்துத் தரும். வேலை நாட்களில் அம்மம்மாவோடு மொட்டை ஊசி, ஞாயிற்றுக்கிழமை உங்களோடு கூர் ஊசி. இது உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. நீங்கள் கைதேர்ந்த தையல்காரி. ஒரு நூல் விலகினாலும் உங்கள் கண் பிடித்துவிடும். டார்கெட்டுக்கும் செக்கருக்கும் பழகிய கை, கோணல் தையலைக் கண்டதும் பிரிக்கத்தான் போகும். தங்கச்சி, தயவுசெய்து பிரிக்காதீர்கள். நான் ஒருமுறை பிரித்தேன். பெற்றோருக்குக் காட்டுகிற நாளுக்கு முதல் இரவு, ஒரு பிள்ளையின் பையில் தையல் அங்குமிங்கும் ஓடியிருந்தது. பாவம், வடிவாக இருக்கட்டும் என்று பிரித்து நேராகத் தைத்துவைத்தேன். காலையில் அந்தப் பிள்ளை பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு மேசையில் வைத்துவிட்டு, "இது என்ரை இல்லை, என்ரை எங்கை?" என்று மற்றப் பைகளுக்குள் தேடத் தொடங்கியது. எனக்குப் பதில் வரவில்லை. அவ்வளவு நேரம் அது குனிந்திருந்து குத்திய ஒவ்வொரு குத்தையும் நான் குப்பையில் போட்டிருந்தேன்.

தையல் விட்டுப்போய்ப் புளியங்கொட்டை கொட்டினால் கொட்டட்டும். அடுத்த பையில் அவளே நெருக்கிக் குத்துவாள்.

முதல் பை முடிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வாயை மூடுவதற்கு முதல், உட்பக்கத்தையும் திருப்பி ஒரு படம் எடுங்கள். முடிச்சுகளும் சிக்கல்களும் அங்கேதான் இருக்கும், எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா