பல் வலிக்குக் காப்பீட்டு அட்டை வேண்டுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஒரு மாதமாக வலி. தனியார் கிளினிக்கில் ரூட் கெனால், கேப் எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் சொல்கிறார்கள். கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் 14,000. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால்தான் அரசு மருத்துவமனையில் இலவசம் என்கிறார்கள். வருமானத்தைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. அந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 1,68,000 வருகிறது. பொய்ச் சான்றிதழ் பிறகு உங்கள் தலையில்தான் விடியும். அது போக, இந்தப் பல்லுக்கு அந்த அட்டையால் பயனும் இல்லை. வாய்ப் புற்றுநோய், தாடை எலும்பு முறிவு என்று படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைகளுக்குத்தான் அது பெரும்பாலும் உதவும்.

பல் வலிக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போக எந்த அட்டையும் வேண்டாம். காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிட்டு, பல் பிரிவில் காட்டுங்கள். இந்த அட்டைக்காகக் காத்திருந்து வலி மாத்திரையிலேயே மாதங்களை ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்குப் பல்லில் சீழ் வைத்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது, புண்ணும் சீக்கிரம் ஆறாது.

காசில்லை என்பதற்காகப் பல்லைப் பிடுங்கிவிடச் சொல்லாதீர்கள். ‘இதைக் காப்பாற்ற முடியுமா?’ என்று முதலில் கேளுங்கள். முடியும் என்றால், ரூட் கெனாலுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பழைய ராஜா முத்தையா கல்லூரிதான், இப்போது அரசு சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறது. பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் அவசரப்படாமல் செய்வார்கள். கேப்புக்கும் பல் செட்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மகளிர் இலவசப் பயணம் நகரப் பேருந்தில் மட்டும்தான் என்பதால், பஸ் செலவையும் கணக்கில் வையுங்கள். புதுச்சேரிப் பக்கம் போவது சுலபம் என்றால், கோரிமேட்டில் ஜிப்மரிலும் பல் பிரிவு உண்டு. அது மத்திய அரசு நிறுவனம், நம் மாவட்டத்துக்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ‘ஈஎஸ்ஐ’ (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று 105 ரூபாய் பிடித்திருக்கிறதா? 14,000த்தில் 0.75 சதவீதம் அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர், ஈஎஸ்ஐ சட்டம் பொருந்தும் இடத்தில் வேலை பார்த்தால், ஒப்பந்தத் தொழிலாளியானாலும் அதில் சேர்க்கப்பட வேண்டும். கான்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், வேலை வாங்கும் கம்பெனிதான் பொறுப்பு. இந்தக் காப்பீடு அவருக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான். பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். முதியோர் உதவித்தொகை 1,200 வாங்கினாலும் தடையில்லை. மாமியார் பெயர் குடும்ப விவரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஆதாரைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டினால், தேவைப்பட்டால் அங்கிருந்தே மேல் சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள். மாதாமாதம் உங்கள் காசு போகிறது, சலுகை கேட்கிறோமே என்று கூச்சப்படாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது மாமியாரை வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். டிபன் சாப்பிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரட்டும். மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். வெற்றிலை, புகையிலை போடும் பழக்கம் இருந்தால், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

தாடைக்குக் கீழே வீங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவும் எச்சில் விழுங்கவும் கஷ்டப்பட்டாலோ, ஓபி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.