பிளாக் சுவர் தாங்கும், காது தாங்குமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு சமூகக்கூடமும், அதை ஒட்டியே கூடைப்பந்து ஆடும் அளவுக்கு ஓர் உள்ளரங்கமும் கட்டப்போகிறது. காங்கிரீட் ஹாலோ பிளாக் போதும் என்கிறார் பொறியாளர். அவ்வளவு உயரச் சுவர் நிற்குமா, விரிசல் விடாதா, குடோன் மாதிரி ஆகிவிடாதா என்று கூட்டத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செலவு மிச்சம், பூச்சே வேண்டாம் என்று ஒரு கோஷ்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நான் முதலில் பயப்படுவது உங்கள் பட்டியலிலேயே இல்லை. சத்தம்.

களம் 28 மீட்டருக்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் அரங்கம் 32-க்கு 19. தலைக்கு மேல் தடையில்லாமல் 7 மீட்டர் வேண்டும். கூரை 8 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். தரை, கூரை, நான்கு சுவர் எல்லாமே வழவழவென்று கெட்டியாக இருந்தால், ஒருமுறை கைதட்டிய ஒலி அடங்க ஏழு விநாடிக்கு மேல் ஆகும் என்று கணக்கு வருகிறது. இரண்டு விநாடிக்குள் அடங்கினால்தான் பயிற்சியாளர் சொல்வது பிள்ளைகளுக்குப் புரியும். அங்கே ஆண்டுவிழாவும் நடத்துவீர்கள். மைக் வைத்தால் இன்னும் மோசம்.

அதனால் பூச்சு வேண்டாம் என்ற கோஷ்டி பக்கம்தான் நான், ஆனால் காரணம் வேறு. சொரசொரப்பான பிளாக்கின் நுண்துளைகள் கொஞ்சம் ஒலியைக் குடித்துக்கொள்ளும். அதன்மேல் தடிமனாகப் பெயின்ட் அடித்தால் துளை அடைந்து அந்தப் பலன் போய்விடும். முகப்பில் பிளவு விட்டு, உள்ளறையில் ஒலியை அடக்கும் பிளாக்குகளும் உண்டு. அவற்றைச் சுவரின் மேல்பாதியில் வையுங்கள். பிளாக் மட்டும் போதாது, கூரையின் அடிப்பக்கமும் ஒலியை உறிஞ்ச வேண்டும். கீழே 2 மீட்டர் வரை மழமழப்பான பிளாக், முனைகளில் உருட்டிய விளிம்பு. ஓடிவந்து மோதும் முழங்கை உரசும் இடம் அது. கூடைக்குப் பின்னால் கட்டாயம் மெத்தை.

கூட்ட அறையை அரங்கத்தோடு ஒரே சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள். நடுவில் பொருள் அறை, கழிப்பறை, நடை என்று எதையாவது வையுங்கள். இல்லாவிட்டால் பந்து சுவரில் படும்போதெல்லாம் உங்கள் பொருளாளர் கணக்கு வாசிப்பதை நிறுத்துவார். (சிலர் அதையும் விரும்பக்கூடும்.)

சரி, உயரம். கூரைப் பாரம் பெரிய விஷயமில்லை. பக்கவாட்டில் தள்ளும் காற்றுதான். குறிப்பிட்ட இடைவெளியில் பிளாக்கின் துளைகளில் கம்பி நிறுத்திக் காங்கிரீட் நிரப்ப வேண்டும், இடையிடையே கிடைமட்டப் பட்டை பீம் ஓட வேண்டும். இது வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூரை ஏறுவதற்கு முன் சுவர் தனியாக நிற்கும் நாட்களுக்கு முட்டுக் கொடுப்பதையும் கேளுங்கள்.

விரிசல்? பிளாக் காயும்போது சுருங்கும். சுமார் 7 மீட்டருக்கு ஒரு செங்குத்தான இடைவெளி விட்டு நெகிழ்வான பொருளால் அடைத்தால், சுருக்கம் அங்கேயே ஒதுங்கும். பெரிய வாசலின் ஓரத்திலும் ஒன்று வேண்டும். செங்கல்லை நனைத்துப் பழகிய கை பிளாக்கையும் தொட்டியில் போடும், அதைத் தடுங்கள். ஊறிய பிளாக் காயக் காய இன்னும் சுருங்கும்.

பூச்சில்லாத சுவர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். 390-க்கு 190 மில்லிமீட்டர் பிளாக், 10 மில்லிமீட்டர் கலவை: கூட்டினால் 400-க்கு 200. சுவர், கதவு, ஜன்னல் எல்லா அளவும் 200-இன் மடங்காக இருந்தால் வெட்டுத்துண்டே வராது. உங்கள் 32-உம் 19-உம் அழகாகப் பொருந்துகின்றன.

குடோன் தோற்றம் வெளிச்சக் குறைவால் வருவது. நீளச் சுவர்களில் உயரத்தில் ஜன்னல் வையுங்கள். கூடைக்குப் பின்னால் வேண்டாம், கண் கூசும்.

கேள்வி: எடைப் பயிற்சி அறையை மாடியில் வைக்கலாமா? கீழே கூட்ட அறை.

பதில்: வேண்டாம். கீழே போடும் இரும்பின் அதிர்வு தளம் வழியாக இறங்கும். ரப்பர் பாய் குறைக்கும், நிறுத்தாது. இரண்டையும் இடம் மாற்றுங்கள். மாடியில் கூட்டம் வைத்தால் முதியவர்களுக்கு லிஃப்ட் வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.